ஒரே மாதிரி, இரண்டு இனப்பெருக்க எண்: 4-ம் வருகிறது, 2-ம் வருகிறது. எது சரி?

#1 புதுத்தடம்

வணக்கம். தொற்றுநோய்ப் பரவலுக்கான எஸ்-ஈ-ஐ-ஆர் மாதிரி (எஸ்: தொற்றக்கூடியவர், ஈ: தொற்றியும் இன்னும் பரப்பாதவர், ஐ: பரப்புபவர், ஆர்: குணமடைந்தவர்), பிறப்பு இறப்பு சேர்க்கவில்லை. பரவல் வீதம் பீட்டா நாளுக்கு 0.8. தொற்றியவர் ஈ பெட்டியில் சராசரி 4 நாள் (சிக்மா 0.25), ஐ பெட்டியில் 5 நாள் (காமா 0.2) இருக்கிறார். பரவல் உறுப்பு: பீட்டா × எஸ் × ஐ ÷ மொத்தத் தொகை.

இனப்பெருக்க எண்ணை (யாருக்கும் எதிர்ப்புத் திறன் இல்லாதபோது ஒரு நோயாளி சராசரியாக உண்டாக்கும் புது நோயாளிகள்) அடுத்த தலைமுறை அணி முறையில் கணக்கிட்டேன். ஈ, ஐ இரண்டுக்குள்ளும் வருவதையெல்லாம் எஃப் அணியிலும், வெளியே போவதையெல்லாம் வி அணியிலும் போட்டேன். அரைப்புள்ளிக்குப் பின் அடுத்த நிரை:

எஃப் = [0, 0.8 ; 0.25, 0]
வி = [0.25, 0 ; 0, 0.2]

எஃப்-ஐ வி-யின் நேர்மாறால் பெருக்கினால் [0, 4 ; 1, 0]. பெரிய ஐகென் மதிப்பு (அணியால் திரும்பத் திரும்பப் பெருக்கும்போது ஒரு படிக்குச் சராசரியாக வரும் பெருக்கம்) 2. நேராக பீட்டா ÷ காமா போட்டால் 4. ஆனால் 1-க்கு மேலா (நோய் பரவும்) கீழா (அடங்கும்) என்பதில் இரண்டும் ஒருமுறைகூட முரண்படவில்லை. பீட்டாவை 0.2-க்கு இறக்கினால் இரண்டுமே சரியாக 1. அப்படியானால் எதை எழுதினாலும் ஒன்றுதானா?

#2 மூலைவிட்டம்

ஒன்றல்ல. "உள்ளே வருவதெல்லாம் எஃப்" என்பதில்தான் பிழை. எஃப்-இல் புதுத் தொற்று மட்டுமே வரவேண்டும். ஈ-யிலிருந்து ஐ-க்குப் போகிறவர் புதிதாகத் தொற்றியவர் இல்லை. அதே ஆள், அதே தொற்று, பெட்டி மட்டும் மாறுகிறது. அந்த 0.25 வி-க்குள் எதிர்க்குறியோடு போகவேண்டும்:

எஃப் = [0, 0.8 ; 0, 0]
வி = [0.25, 0 ; −0.25, 0.2]
வி-யின் நேர்மாறு = [4, 0 ; 5, 5]
பெருக்கற்பலன் = [4, 4 ; 0, 0]

ஐகென் மதிப்பு 4.

நேர்மாறு அணியை எண்களாக மட்டும் பார்க்காமல் படித்துப் பாருங்கள். முதல் நிரலில் 4, 5: இன்று ஈ-க்குள் நுழைகிறவர் ஈ-யில் 4 நாளும் ஐ-யில் 5 நாளும் கழிப்பார். இரண்டாம் நிரலில் 0, 5: ஏற்கெனவே ஐ-யில் இருப்பவர் ஈ-க்குத் திரும்ப மாட்டார், ஐ-யில் 5 நாள் இருப்பார். வி-யின் நேர்மாறு எப்போதுமே இப்படி நாள்களின் பட்டியல்தான். அதை எஃப் பெருக்கும்போது "இத்தனை நாளில் எத்தனை பேருக்குத் தொற்று" என்றாகிறது. எந்த உறுப்பையாவது இப்படிச் சொல்லில் படிக்க முடியவில்லையென்றால் அங்கே பிழை இருக்கிறது.

உங்கள் பிரிப்பில் பெட்டி மாறுவதும் ஒரு தலைமுறையாக எண்ணப்பட்டது. ஈ → ஐ ஒரு படி, ஐ → ஈ ஒரு படி. இரண்டும் சேர்ந்து 1 × 4 = 4 மடங்கு; ஒரு படிக்கு அதன் வர்க்கமூலம், 2.

1-இல் ஒத்துப்போவது தற்செயலும் இல்லை. வான் டென் டிரீஸ்ஷே, வாட்மோ 2002-இல் நிறுவியது அதுதான்: எஃப்-இல் எதிர்மறை உறுப்பு இல்லாமல், வி-யின் நேர்மாறும் எதிர்மறை இல்லாமல் இருந்தால், எஃப் − வி-யின் வளர்வீதம் நேர்மறையாவதும் இந்த ஐகென் மதிப்பு 1-ஐத் தாண்டுவதும் ஒன்றாகவே நடக்கும். பிரிப்பைத் தப்பாகச் செய்தாலும் வரம்பு தப்பாது. எண்தான் தப்பும்.

எண் தப்பினால் என்ன ஆகும்? முழுப் பயன் தரும் தடுப்பூசியை எத்தனை பேருக்குப் போட வேண்டும் என்பது 1 − 1÷எண். 4 என்றால் 75%. 2 என்றால் 50%. 50% பேருக்குப் போட்டுவிட்டு உங்கள் மாதிரியையே ஓட்டிப் பாருங்கள், தொற்று ஏறிக்கொண்டேதான் இருக்கும்.

கைக்கு எளிதான ஒரு சோதனை: வி-யின் ஒவ்வொரு நிரலையும் கூட்டுங்கள். அந்தப் பெட்டியிலிருந்து தொற்று நிலையை விட்டே வெளியேறும் வீதம் வரவேண்டும். மேலே ஈ நிரல் 0 (இறப்பு இல்லை, எல்லோரும் ஐ-க்குத்தான் போகிறார்கள்), ஐ நிரல் 0.2 (குணமடைதல்). உங்கள் பழைய வி-யில் ஈ நிரல் 0.25 காட்டுகிறது. யாரும் ஈ-யிலிருந்து குணமாகி வெளியே போகாத மாதிரியில் அந்த 0.25-க்குப் பொருளே இல்லை.

#3 புதுத்தடம்

நிரல் கூட்டல் சோதனை புரிந்தது, நன்றி. ஆனால் கொசு வழி நோய்க் கட்டுரைகளில் வர்க்கமூலம் போட்டே எழுதுகிறார்களே. அவையும் இதே பிழையா?

#4 கொசுவலை

இல்லை. அங்கே வர்க்கமூலம் முறையாகவே வருகிறது. மனிதரிடமிருந்து கொசுவுக்குப் போவது உண்மையான புதுத் தொற்று: வேறு உயிர், வேறு உடல். கொசுவிடமிருந்து மனிதருக்கு வருவதும் அப்படியே. எனவே இரண்டும் எஃப்-இல்தான் இருக்க வேண்டும், ஒரு சுற்று இரண்டு தலைமுறைதான்.

எண்களோடு பார்ப்போம் (விளக்கத்துக்காக எடுத்தவை). ஒரு மனிதருக்கு 2 கொசு. ஒரு கொசு நாளுக்கு 0.5 முறை மனிதரைக் கடிக்கிறது. தொற்றும் நிகழ்தகவு இரு பக்கமும் 0.4. கொசு இறப்பு நாளுக்கு 0.1. கொசுவுக்குள் கிருமி முதிர 10 நாள். மனிதர் தொற்றும் நிலையில் 5 நாள்.

2 × 0.5 × 0.5 × 0.4 × 0.4 = 0.08
கொசு 10 நாள் பிழைத்திருக்கும் நிகழ்தகவு: 2.718-இன் அடுக்கு −1 (0.1 × 10 நாள்), அதாவது 0.368
கீழே கொசு இறப்பு 0.1 × மனிதர் குணமடைதல் 0.2 = 0.02
0.08 × 0.368 ÷ 0.02 = 1.47

ஒரு மனிதரிடமிருந்து கொசு வழியாக அடுத்த மனிதர்கள்: 1.47. அடுத்த தலைமுறை அணி தருவது அதன் வர்க்கமூலம், 1.21. ராஸ்–மெக்டொனால்ட் மலேரியா மாதிரியின் வழிவந்த கட்டுரைகள் பலவற்றில் 1.47-க்கு இணையானதுதான் இனப்பெருக்க எண் என்று எழுதப்பட்டிருக்கும், புதிய கட்டுரைகள் பலவற்றில் 1.21-க்கு இணையானது. இரண்டு கட்டுரைகளை ஒப்பிடும் முன் எது என்று பார்த்தே ஆகவேண்டும்.

அடிக்கடி விழும் இன்னொரு குழி கடிக்கும் வீதம். அது சூத்திரத்தில் இரண்டு முறை வரும், ஏனென்றால் கொசு ஒருமுறை வாங்கவும் ஒருமுறை கொடுக்கவும் கடிக்க வேண்டும். ஒன்றை மறந்தால் மேலே உள்ள 0.08 0.16 ஆகிவிடும், விடையும் இரட்டிப்பாகும். அலகைப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும்: இறுதி எண்ணுக்கு அலகே இருக்கக் கூடாது. மேலே "நாளுக்கு" இரண்டு, கீழே "நாளுக்கு" இரண்டு.

மூன்றாவது: கிருமி முதிரும் 10 நாளை நிலையான தாமதமாக எடுக்காமல், கொசுவுக்கும் ஒரு ஈ பெட்டி போட்டு நாளுக்கு 0.1 வீதத்தில் நகர்த்தினால், பிழைத்திருக்கும் நிகழ்தகவு 0.1 ÷ (0.1 + 0.1) = 0.5 ஆகிவிடும். 1.47 இருந்த இடத்தில் 2.0. சராசரி அதே 10 நாள்தான். ஆனால் ஒற்றைப் பெட்டியில் முதல் நாளே முதிர்ந்துவிடும் கொசுக்களும் உண்டு, அவைதான் எண்ணை ஏற்றுகின்றன. இடையில் நிற்க வேண்டுமானால் பெட்டியை 4 அல்லது 5 ஆக உடைத்து அடுக்குங்கள்.

கொசு இறப்பை 0.1-லிருந்து 0.2 ஆக்கிப் பாருங்கள். பிழைக்கும் நிகழ்தகவு 0.135, கீழே 0.04, விடை 0.27. கொசு எண்ணிக்கையைப் பாதியாக்கினால் 0.74-தான். வளர்ந்த கொசுவின் ஆயுளைக் குறைப்பது ஏன் அத்தனை வலிமையானது என்று மெக்டொனால்ட் 1950-களில் வலியுறுத்தியதன் கணக்கு இந்த ஒரு வரிதான்.

#5 மூலைவிட்டம்

இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்: மனிதரை மட்டும் பாதுகாக்கும் திட்டத்துக்கு 1.21-ஐ 1 − 1÷எண்ணில் போடக் கூடாது. போட்டால் சுமார் 17.5% வரும். சரியான விடை 1 − 1÷1.47 = 32%. கொசுவைத் தொடாமல் மனிதரிடம் மட்டும் தலையிடும்போது, மனிதரிலிருந்து மனிதருக்கு வரும் முழுச் சுற்றின் எண்தான் தேவை. ராபர்ட்ஸ், ஹீஸ்டர்பீக் 2003-இல் இதை "வகை இனப்பெருக்க எண்" என்று தனியாக வரையறுத்தார்கள். எந்த வகையின் மீது கை வைக்கிறோமோ அந்த வகைக்கான எண்.

#6 ஓடைக்கரை

தண்ணீர் வழிப் பரவலில் இந்தக் குழப்பம் இன்னும் தீவிரமாக வருகிறது. நோயாளி கிருமியைத் தண்ணீரில் விடுகிறார், தண்ணீரில் இருக்கும் கிருமி பிறரைத் தொற்றுகிறது, நேரடியாகவும் பரவுகிறது. தண்ணீரில் கிருமி சேர்வதை எஃப்-இல் போடுவதா, வி-யிலா?

நேர்ப் பரவலின் பங்கு 0.8, தண்ணீர் வழிப் பங்கு 1.2 என்று வைப்போம். வி-யில் போட்டால் இரண்டும் கூடும்: 2.0. எஃப்-இல் போட்டால் எக்ஸ் வர்க்கம் − 0.8 எக்ஸ் − 1.2 = 0 என்ற சமன்பாட்டின் பெரிய மூலம், 1.57. இரண்டு பங்கின் கூட்டல் 1-ஐத் தொடும்போதுதான் இரண்டும் 1-ஐத் தொடும். இரண்டையுமே நியாயப்படுத்தி எழுதியவர்கள் உண்டு.

#7 மூலைவிட்டம்

நியாயப்படுத்தலாம், ஆனால் நான் வி-யில்தான் போடுவேன், ஒரே ஒரு விதிவிலக்கோடு. "ஒரு நோயாளி எத்தனை நோயாளிகளை உண்டாக்குகிறார்" என்பது கேள்வியானால், தண்ணீரில் போன கிருமி அந்த நோயாளியின் நீட்சி. கிருமி தண்ணீரில் தானே பெருகும் என்றால் மட்டும் தண்ணீர் இன்னொரு விருந்தோம்பி (கிருமி குடியிருக்கும் உயிர்) போலாகிறது. அப்போது அந்தப் பெருக்கம் எஃப்-க்குப் போக வேண்டும். அதற்கு நிபந்தனை, தண்ணீரில் பெருகும் வீதத்தைவிட அழியும் வீதம் அதிகமாக இருப்பது. இல்லையென்றால் நோயாளியே இல்லாமல் கிருமி நிலைத்துவிடும், "நோயற்ற சமநிலை" என்று தொடங்கிய இடமே ஆட்டம் காணும்.

எதைச் செய்தாலும் கட்டுரையில் எஃப், வி இரண்டையும் முழுதாக எழுதுங்கள். எண்ணை மட்டும் தந்தால் படிப்பவருக்கு அது எந்தக் கேள்விக்கான விடை என்று தெரிய வழியே இல்லை.

#8 வயல்வரப்பு

சூழலியல் பக்கத்திலிருந்து. பருவத்துக்குப் பருவம் உயிர்களை இளம், முதிர்ந்த நிலைகளாகப் பிரித்து எண்ணும் நிலை அணிகளிலும் இதே கணக்குதான், ஒரு வேறுபாட்டோடு. அங்கே காலம் படிப்படியாக நகர்வதால் வி-க்குப் பதில் "அலகு அணி − டீ" வரும். டீ என்பது பிழைத்து நகர்வதற்கான நிகழ்தகவுகள்.

இளம் உயிர் 0.3 நிகழ்தகவில் பிழைத்து முதிர்கிறது. முதிர்ந்தது 0.5 நிகழ்தகவில் அடுத்த பருவத்துக்கும் பிழைக்கிறது. பருவத்துக்கு 2 குஞ்சு. முதிர்ந்தபின் வாழும் பருவங்கள் 1 ÷ (1 − 0.5) = 2. ஆக 0.3 × 2 × 2 = 1.2. முழு அணி [0, 2 ; 0.3, 0.5]-இன் ஐகென் மதிப்பைக் கேட்டால் 1.064 வரும். முன்னது தலைமுறைக்கு, பின்னது பருவத்துக்கு. "பருவத்துக்கு 20% வளர்ச்சி" என்று 1.2-ஐ எழுதிவிடுபவர்கள் நிறைய, 6.4% என்பதே சரி.

இன்னொரு பெரிய பிழை, கணக்கெடுப்பு இனப்பெருக்கத்துக்கு முன்பா பின்பா என்பது. முன்பு எடுத்தால், புதிதாய்ப் பிறந்தது அடுத்த கணக்கெடுப்பு வரை பிழைக்கும் நிகழ்தகவு குஞ்சு எண்ணிக்கைக்குள்ளேயே பெருக்கப்பட்டிருக்க வேண்டும். பின்பு எடுத்தால், தாய் அடுத்த இனப்பெருக்கம் வரை பிழைக்கும் நிகழ்தகவு அங்கே வரும். ஒன்றின் குஞ்சு எண்ணிக்கையையும் மற்றதன் பிழைப்பு வீதத்தையும் கலந்தால் ஒரு பிழைப்பு இரண்டு முறை எண்ணப்படும் அல்லது முற்றிலும் விடுபடும்.

வேட்டை உயிர் ஒரு புதிய இடத்தில் காலூன்றுமா என்பதும் இனப்பெருக்க எண்தான். இரையை அதன் சமநிலை 100-இல் வையுங்கள். தேடும் வீதம் 0.02, ஒரு இரையைக் கையாள 0.5 நாள், இரையைக் குட்டியாக்கும் திறன் 0.2, வேட்டை உயிரின் இறப்பு நாளுக்கு 0.1. நாளுக்கு உண்பது 0.02 × 100 ÷ (1 + 0.02 × 0.5 × 100) = 1. எண் 0.2 × 1 ÷ 0.1 = 2. இரையை எவ்வளவு கூட்டினாலும் இது 4-ஐத் தாண்டாது, ஏனென்றால் கையாளும் நேரம் நாளுக்கு 2 இரைக்கு மேல் விடாது. இரையடர்த்திக்கு நேர்விகிதமாக உண்ணும் என்று வைத்திருந்தால் அந்த உச்சவரம்பே தெரியாது.

காட்டுயிர் நோய்களில் பரவல் உறுப்பை மொத்தத் தொகையால் வகுப்பதா வேண்டாமா என்பதையும் முதலிலேயே முடிவு செய்யுங்கள். வகுக்காவிட்டால் எண் தொகைக்கு நேர்விகிதம், உயிர்களைக் குறைத்து நோயை நிறுத்தும் ஒரு எல்லைத்தொகை உண்டு. வகுத்தால் அப்படி எல்லையே கிடையாது. பீட்டாவின் அலகும் மாறுகிறது. ஒரு வகைக் கட்டுரையின் பீட்டாவை மற்ற வகை மாதிரியில் போட்டால் விடை பல மடங்கு விலகும்.

#9 நூறுகட்டம்

வயதுக் குழு வைத்துக் கணக்கிடுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை, ஏனென்றால் இந்தப் பிழை எண்ணில் தெரியவே தெரியாது.

தொடர்பு அணியில் நிரை கேட்கப்பட்டவர், நிரல் அவர் சந்தித்தவர். சிறுவர் 25%, பெரியவர் 75%. சிறுவர் நாளுக்கு 12 சிறுவரையும் 4 பெரியவரையும் சந்திக்கிறார். மொத்தச் சந்திப்பு இரு பக்கமும் சமமாக வேண்டும் என்பதால் பெரியவர் சந்திக்கும் சிறுவர் 4 × 0.25 ÷ 0.75 = 1.33. பெரியவர் பெரியவரைச் சந்திப்பது 8.

அணி [12, 4 ; 1.33, 8], பெரிய ஐகென் மதிப்பு 13.06. அடுத்த தலைமுறை அணிக்கு இதன் நிரை நிரல் மாற்றைத்தான் எடுக்க வேண்டும், ஏனென்றால் அங்கே நிரல் தொற்றைத் தருபவர், நிரை வாங்குபவர். மாற்றாமல் விட்டாலும் ஐகென் மதிப்பு அதே 13.06! வயதுவாரித் தொற்றும் திறனைப் பெருக்கினாலும் அப்படியே. ஆனால் ஐகென் திசையன் (தொற்றுகள் குழுக்களிடையே பிரியும் விகிதம்) வேறு. சரியான வழியில் தொடக்கத் தொற்றுகளில் சிறுவர் பங்கு 56%. மாற்றாமல் விட்டால் 79%. எண் கட்டுரையோடு ஒத்துப்போகிறது என்று நிம்மதியாகி, அந்த 79%-ஐ வைத்து "முதலில் சிறுவருக்கே" என்று முடிவெடுத்தால் முழுத் திட்டமும் கோணிவிடும். ஐகென் திசையனை எப்போதும் அச்சிட்டுப் பார்த்து, மாதிரியை நேரடியாக ஓட்டி வரும் தொடக்க வாரங்களின் வயதுப் பங்கோடு தோராயமாக ஒத்துவருகிறதா என்று சரிபாருங்கள்.

#10 புதுத்தடம்

மிகவும் பயனுள்ளதாக இருக்கிறது. இரண்டு கேள்வி. அறிகுறி இல்லாதவர் பெட்டி சேர்த்ததும் பைத்தானில் சிம்பை (குறியீட்டுக் கணிதத் தொகுப்பு) தரும் கோவை ஒன்றரைப் பக்கம் நீள்கிறது, எப்படிச் சுருக்குவது? தினசரி எண்ணிக்கையிலிருந்து வளர்வீதம் மட்டும் தெரிந்தால் இனப்பெருக்க எண்ணுக்கு எப்படிப் போவது?

#11 மூலைவிட்டம்

முதலாவது: முழு அணியின் ஐகென் மதிப்பைக் கேட்காதீர்கள். புதிதாகத் தொற்றியவர் எல்லோரும் ஒரே பெட்டியில்தான் நுழைகிறார்கள் என்றால் எஃப்-இல் ஒரே ஒரு நிரையில்தான் உறுப்புகள் இருக்கும். அப்போது விடை பெருக்கற்பலனின் மூலைவிட்ட உறுப்புகளின் கூட்டல்தான், ஐகென் கணக்கே வேண்டாம். 60% பேருக்கு அறிகுறி, 5 நாள், 40% பேருக்கு இல்லை, 4 நாள், பரப்பும் திறன் பாதி, பீட்டா 0.5 என்றால்:

0.5 × (0.6 × 5 + 0.4 × 0.5 × 4) = 0.5 × 3.8 = 1.9

ஒவ்வொரு பாதைக்கும் நிகழ்தகவு × நாள் × வீதம். சிம்பை தந்தது இதற்குச் சமமா என்று எண்களைப் போட்டுச் சரிபாருங்கள்.

இரண்டாவது: வளர்வீதம் மட்டும் போதாது, தலைமுறை இடைவெளியின் (ஒருவர் தொற்றியதிலிருந்து அவர் அடுத்தவரைத் தொற்றும் வரையான காலம்) வடிவமும் வேண்டும். வாலிங்கா, லிப்சிச் 2007 இதைப் பொதுவாக எழுதிவிட்டார்கள். உங்கள் முதல் மாதிரியையே எடுப்போம். எஃப் − வி = [−0.25, 0.8 ; 0.25, −0.2], வளர்வீதம் நாளுக்கு 0.223, அதாவது 3.1 நாளில் இரட்டிப்பு. எஸ்-ஈ-ஐ-ஆர் என்றால் (1 + 0.223 ÷ 0.25) × (1 + 0.223 ÷ 0.2) = 4.0, தொடங்கிய இடத்துக்கே வந்துவிட்டோம். அதே 9 நாள் சராசரி இடைவெளியோடு ஈ பெட்டி இல்லாத மாதிரி என்றால் 1 + 0.223 × 9 = 3.0. எல்லோரும் சரியாக 9-ஆம் நாள்தான் பரப்புகிறார்கள் என்றால் 7.4. அதே தரவு, அதே சராசரி, 3-லிருந்து 7.4 வரை. பரவல் வேகமாக இருக்கும்போது இந்த இடைவெளியின் வடிவத்துக்குத்தான் அதிக உழைப்பைச் செலவிட வேண்டும்.

#12 கொசுவலை

பருவத்துக்குப் பருவம் பீட்டா மாறினால் ஆண்டுச் சராசரியைப் போடலாமா என்று அடுத்து யாராவது கேட்பார்கள். ஒரே ஒரு தொற்றுப் பெட்டியும் மாறாத காமாவும் இருந்தால் போடலாம், அது துல்லியமானது. ஈ பெட்டியோ கொசுவோ வந்துவிட்டால் பொதுவாகச் செல்லாது. அப்போது எஃப்-ஐ ஒரு எண்ணால் வகுத்து, நேரியல் சமன்பாட்டை ஒரு முழு ஆண்டு ஓட்டி, வரும் அணியின் பெரிய ஐகென் மதிப்பு சரியாக 1 ஆகும்வரை அந்த எண்ணை இருசமக்கூறு முறையில் (தேடும் இடைவெளியைப் பாதி பாதியாகக் குறைத்து) தேட வேண்டும். அந்த எண்தான் விடை.

#13 புதுத்தடம்

ஓட்டிப் பார்த்தேன். 50% தடுப்பூசியில் வளர்வீதம் 0.092, 7.5 நாளில் இரட்டிப்பு. 75%-இல் பூச்சியம். முதல் பதிவில் இருந்த 2-ஐ நம்பியிருந்தால் பாதியில் நின்றிருக்கும்.

#14 மூலைவிட்டம்

அந்த 75% நூறு சதவீதம் பயன் தரும் தடுப்பூசிக்கு. தொற்றைத் தடுக்கும் திறன் 90% என்றால் 75 ÷ 0.9 = 83%. திறன் 75%-க்கும் கீழே என்றால் எல்லோருக்கும் போட்டாலும் எண் 1-க்குக் கீழே வராது. முழுப் பயன் தராத தடுப்பூசியை மாதிரியில் தனிப் பெட்டியாகச் சேர்க்கும்போது இன்னொன்றையும் பாருங்கள்: சில அளபுருக்களில் எண் 1-க்குக் கீழே இருந்தாலும் நோய் நிலைத்திருக்கும் இன்னொரு சமநிலை தோன்றலாம். நோயற்ற சமநிலைக்கு அருகில் மட்டும் சோதித்தால் அது கண்ணில் படாது. தொடக்கத் தொற்று எண்ணிக்கையைச் சிறியதும் பெரியதுமாக, உதாரணமாக 0.01%, 1%, 20% என்று மாற்றி ஓட்டி, மூன்றும் பூச்சியத்துக்கே இறங்குகின்றனவா என்று பாருங்கள்.